பேட்டரி கழற்றிய கார்

பேய் என்று சொல்லிக்கொண்டு யாராவது என் கடைக்கு வந்தால் எனக்கு முதலில் சிரிப்புதான் வரும். பீடோங் என்கிற ஊரில் காருக்கு, எங்கள் பேச்சில் காடிக்கு, பேட்டரியும் வயரிங்கும் பார்க்கிற கடை என்னுடையது. தலை நரைக்கிற வரைக்கும் இதே வேலைதான், அதனால் சொல்கிறேன், இந்த வட்டாரத்துப் பேய்களில் பாதிக்கு நானே வைத்தியம் பார்த்திருக்கிறேன். துக்க வீட்டு வாசலில் நின்ற கார் தானாக ஹாரன் அடிக்கிறது, அப்பாதான் கூப்பிடுகிறார் என்று ஒரு குடும்பமே அழுதுகொண்டு வந்தது. மழையே இல்லாதபோது வைப்பர் ஆடுகிறது என்று ஒருவர் போமோவிடம், அதாவது மலாய் மந்திரவாதியிடம், போய்த் தண்ணீர் ஓதி வாங்கி, அதை என்ஜின் மேலேயே தெளித்து, இருந்த வயரையும் கெடுத்துக்கொண்டு வந்தார். எல்லாம் பேட்டரிதான் ஐயா. இப்போது வருகிற கார்களில் சக்கரத்தைத் தவிர மற்றதெல்லாம் கம்ப்யூட்டர். பேட்டரிக்கு வயதாகிக் கரண்ட் இறங்கினால் அந்தக் கம்ப்யூட்டர்களுக்குப் புத்தி பேதலித்துவிடும். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும், கண்ணாடி இறங்கும், இல்லாத கோளாறுக்கெல்லாம் சிவப்பு விளக்கு எரியும். புதுப் பேட்டரி போட்டால் பேய் போய்விடும்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்களும் என்னைப் பார்த்துச் சிரிப்பீர்கள். தாராளமாகச் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அதைப் பற்றிக் கவலை இல்லை.

சேகர் என்று ஒருவன் இருந்தான். பக்கத்து ஊரான குருணில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர், நல்ல உயரம், அதற்கேற்ற தொப்பை. வெளிநாட்டு மாடல் கார் ஒன்று வைத்திருந்தான். ஓட்டுநர் சீட்டை மோட்டாரே முன்னும் பின்னும் நகர்த்தும். நமக்குத் தோதான நிலையைக் கதவில் இருக்கிற பொத்தானில் பதிந்து வைத்துக்கொள்ளலாம், அடுத்த முறை அழுத்தினால் சீட்டு அங்கே போய் நிற்கும். ஒன்று, இரண்டு என்று இரண்டு பொத்தான்கள், புருஷனுக்கு ஒன்று பெண்டாட்டிக்கு ஒன்று என்று நினைத்துத்தான் செய்திருப்பார்கள்.

அவன் மனைவி கோமதி என் தோள் உயரம்கூட இருக்கமாட்டாள். ஒருநாள் ஹாரன் சரியில்லை என்று அவள்தான் காரைக் கொண்டுவந்தாள். பின்னாலேயே சேகரும் யாருடைய மோட்டார் சைக்கிளிலோ வந்து இறங்கினான். கார்க் கதவைத் திறந்தான், சீட்டு முன்னால் தள்ளியிருப்பதைப் பார்த்தான். அவளைப் பக்கத்தில் கூப்பிட்டு, கடையில் இத்தனை பேர் இருக்கிறோமே என்றுகூடப் பார்க்காமல், இடது கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டான்.

"ஒண்ணு என்னுது. ரெண்டு காலி. அது காலியாவே இருக்கணும். வெளங்குதா?"

"வெளங்குதுங்க. இனிமே நகத்தமாட்டேங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, ரொம்ப மரியாதையாக, ஹாரன் என்ன ஆச்சு அண்ணே என்று சிரித்துக்கொண்டே கேட்டான். அப்படி ஒரு பிறவி. போன வருடம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கேள்விப்பட்டபோது எனக்கு வருத்தம் வரவில்லை, பொய் சொல்வானேன்.

அவன் போய்ச் சில மாதங்கள் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்து நான் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அந்தக் கார் கடைக்குள் வந்தது. நல்ல வெயில், எதிர்ப்பக்கம் பாசார் சந்தையில் ஆள் நடமாட்டம், பேய்க் கதைக்குச் சம்பந்தமே இல்லாத நேரம். ஓட்டுநர் சீட்டின் நுனியிலிருந்து கோமதி இறங்கினாள். பின் சீட்டிலிருந்து அவள் மாமியார் இறங்கினார், சேகரின் அம்மா. நாற்காலியை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணே, நான் உக்காந்தா சீட்டு தானா பின்னால போவுதுண்ணே," என்றாள் கோமதி. "காலு பிரேக்குக்கே எட்ட மாட்டேங்குது. கதவு வேற பூட்டிக்குது. கொழுந்தன் ஓட்டுனா ஒண்ணும் ஆவறது இல்ல. எனக்கு மட்டும்தான் ஆவுது."

மாமியார் அவளைப் பேசி முடிக்க விடவில்லை.

"தம்பி, நல்லா பாத்துச் சொல்லுங்க. காடில கோளாறு இல்லன்னா இவளுக்குத்தான் கோளாறு. பைத்தியத்துகிட்ட என் பேத்திய விட்டு வைக்க முடியாது லா. இன்னைக்கே பள்ளிக்கூடத்துலேர்ந்து நேரா என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவேன்."

கோமதிக்கு ஒரே மகள், அப்போதுதான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தது. என் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரும் காரில் பெரிதாக ஒன்றும் இல்லை என்று நான் சொல்லவேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் வருவார்கள். கார் கெட்டிருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு வந்தவள் கோமதி ஒருத்திதான். நான் பானெட்டைத் திறந்தபோது அவள் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

டெஸ்டரை மாட்டிக் காரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னேன். முள் படுத்துவிட்டது. கார் வாங்கின நாளிலிருந்து மாற்றாத பேட்டரி, பக்கவாட்டில் வீங்கிக்கூடப் போயிருந்தது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளுக்கும் விளக்கினேன். காரை ஸ்டார்ட் பண்ணும்போது கரண்ட் ஒரேயடியாக இறங்குகிறது, சீட்டைப் பார்த்துக்கொள்கிற கம்ப்யூட்டர் குழம்பிப்போய்த் தனக்குத் தெரிந்த ஒரே நிலைக்கு, அதாவது முதல் பொத்தானில் பதிந்த சேகரின் நிலைக்குப் போகிறது. கொழுந்தனும் அண்ணனைப் போலவே உயரம், அவனுக்குச் சீட்டு ஏற்கெனவே அங்கேதான் இருக்கும், பிறகு நகர என்ன இருக்கிறது? கதவு பூட்டுவதும் இதே கோளாறுதான்.

"அப்ப நான் பைத்தியம் இல்லல்லண்ணே?"

"பேட்டரிக்குத்தாம்மா பைத்தியம்."

பழைய டயர்களின் மேல் உட்கார்ந்து அழுதாள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மாமியார் மட்டும் முகத்தில் எதையும் காட்டவில்லை.

சீட்டு மோட்டாரின் வயரையும் பார்த்துவிடலாம் என்று, பேட்டரியில் இருந்த மிச்சக் கரண்டில் சீட்டை நன்றாக முன்னால் தள்ளிவிட்டு அடியில் கையை விட்டேன். காய்ந்த வெற்றிலை வந்தது. பிறகு ஆட்டெலும்பு, பாதி எரிந்து அணைந்த சிகரெட், கருத்துப்போன சோற்றுப் பருக்கைகள்.

"என்னம்மா இது?"

"சேகருக்குப் படைச்சது," என்றார் மாமியார், பால் வாங்கி வந்ததைச் சொல்வது போல.

நம் ஆட்கள் செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் படைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்பார்கள், அவர் வந்து சாப்பிட்டிருப்பார் என்று தோன்றியதும் தட்டிவிட்டுத் திறப்பார்கள். இதெல்லாம் வீட்டுக்குள் செய்வது. இந்த அம்மா காருக்குள் செய்திருக்கிறார். ஓட்டுநர் சீட்டில் இலையைப் போட்டு, நான்கு கதவையும் சாத்திவிட்டு. அதுவும் ஒருமுறை இல்லை, அமாவாசைக்கு அமாவாசை.

"வீட்டுல படைச்சா வரமாட்டான் தம்பி. அவனுக்கு வீட்டவிடக் காடிதான் உசுரு."

கோமதிக்கு இது தெரியாது என்பது அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. எலி வந்து வயரைக் கடித்துவிடும் அம்மா, என்ன வேலை இது என்று சத்தம் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் வாரிக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவர் எழுந்து போய்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பழைய பேட்டரியைக் கழற்றி சிமெண்டுத் தரையில் வைத்தேன். புதுசைப் போட்டதும் இரண்டாம் பொத்தானில் உங்கள் நிலையைப் பதிந்து தருகிறேன் என்று கோமதியிடம் சொன்னேன்.

"பதியலாமாண்ணே?" என்று கேட்டாள். யாரிடமோ அனுமதி கேட்கிற குரல் அது. கேட்டதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவள் மேல் இல்லை, செத்தும் இவளை விடாமல் வைத்திருக்கிறானே என்று அவன் மேல். அவள் பயத்தை அங்கேயே தெளிய வைத்துவிடவேண்டும் என்று எனக்கு ஒரு வேகம்.

"இங்க பாரும்மா, பேட்டரி கீழ கெடக்குது. காடில சொட்டுக் கரண்ட் இல்ல. இப்ப உள்ள போயி உக்காரு. எது நகருதுன்னு நானும் பாக்கறேன்."

தயங்கினாள். நான்தான் விடாமல் உட்கார வைத்தேன். சீட்டு அவளுக்குத் தோதாக முன்னால் இருந்தது. இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு, கால் எட்டுகிறது என்பதற்கு அடையாளமாகப் பிரேக்கை மிதித்துக் காட்டிச் சிரித்தாள். அதற்கு முன்பு அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. கதவைச் சாத்தினேன்.

இனி சொல்வதை நம்பினால் நம்புங்கள். மோட்டார் சத்தம் கேட்டது. சீட்டு பின்னால் போக ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல் மெதுவாகப் போனது. அவள் கைகள் ஸ்டீயரிங்கிலிருந்து நழுவின. நான் கதவுப் பிடியை இழுப்பதற்குள் நான்கு கதவும் டக்கென்று பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே அவள் கைப்பையில். கண்ணாடியைத் தட்டினேன், கத்தினேன், அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. கத்தவும் இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "இனிமே நகத்தமாட்டேங்க, இனிமே நகத்தமாட்டேங்க," என்று உதடு அசைந்துகொண்டிருந்தது.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. கதவெல்லாம் சாத்தியிருந்தும் எனக்குத் தெளிவாகக் கேட்டது, அதே கடையில் அதற்கு முன்பு ஒருமுறை கேட்ட சத்தம்தான். அவள் தலை ஒரு பக்கமாகத் திரும்பிப் போனது. இடது கன்னத்தில் விரல் விரலாகச் சிவந்து எழும்பியதை நின்று பார்த்தேன். என் காலடியில் பேட்டரி கிடந்தது.

மாமியார் எழுந்து வந்தார். மருமகளைப் பார்க்கவே இல்லை. கண்ணாடியில் உள்ளங்கையை வைத்து, குழந்தையிடம் பேசுவது போலக் கேட்டார்.

"வந்துட்டியாய்யா? சாப்ட்டியா?"

பிறகு கண்ணாடியை விரலால் தட்டினார், படையல் அறைக் கதவைத் தட்டுவது போல. பூட்டுகள் நான்கும் திறந்துகொண்டன.

கோமதி இறங்கி என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமியார் அவள் தலையைத் தடவினார். அவர் கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சந்தோஷம். அதைப் பார்த்தபோதுதான் நான் இரண்டு எட்டு பின்னால் போனேன்.

"நீ பைத்தியம் இல்லடி. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். பிள்ள ஒன்கிட்டயே இருக்கட்டும், நான் கேக்கமாட்டேன். ஆனா இந்தக் காடிய நீதான் ஓட்டணும், தெனமும். எம்மவன் தனியா இருக்கக்கூடாது. ஓட்ட மாட்டேன்னு ஒருநாள் சொன்னாலும் பிள்ளய வந்து தூக்கிட்டுப் போயிருவேன்."

கோமதி என்னைப் பார்த்தாள். பேட்டரிதான் என்று மறுபடியும் சொல்லச் சொல்கிறீர்களா? புதுப் பேட்டரியை மாட்டிக் கொடுத்தேன். அவள் மகளைக் கூட்டிவரப் பள்ளிக்கூட நேரம் ஆகிவிட்டது என்று ஓட்டிக்கொண்டு போனாள்.

அப்புறம் நான் சும்மா இருக்கவில்லை. அலோர் ஸ்டார் டவுனில் இந்த மாதிரிக் கார்களையே பார்க்கிற நண்பரிடம் கேட்டேன். சிலவற்றில் பின்பக்கம் இரண்டாவதாகச் சின்னப் பேட்டரி ஒன்று இருக்கும், அதுதான் வேலை செய்திருக்கும் என்றார். அதுதான், அதேதான் என்று எனக்கும் உயிர் வந்தது. என்ன மாடல் என்று கேட்டார், சொன்னேன். இல்லை, அதில் ஒரே பேட்டரிதான் என்றார். நான் மத்தியானத்திலேயே தண்ணி போட்டிருந்தேனா என்றும் கேட்டார். இன்றைக்கும் யாராவது பேய் என்று வந்தால் பேட்டரிதான் என்றுதான் சொல்கிறேன். பேட்டரி கழற்றிய காரில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை.

கோமதியை அடிக்கடி சாலையில் பார்க்கிறேன். பக்கத்து சீட்டில் மகள். கோமதி எங்கேயோ பின்னால் இருப்பாள். முதுகு சீட்டில் படாது, நுனியில் தொற்றிக்கொண்டு, கை இரண்டையும் நீட்டி, விரல் நுனியால் ஸ்டீயரிங்கைப் பிடித்து ஓட்டுவாள். போன வாரம் பெட்ரோல் நிலையத்தில் எதிரெதிரே நின்றோம். கிட்டே போய், ஏம்மா, சீட்டை இழுத்துக்கொள்ளக்கூடாதா, எங்கேயாவது மோதிவிடப் போகிறாய் என்றேன்.

அவள் சிரித்த முகமாகத்தான் பதில் சொன்னாள். திருந்திவிட்ட புருஷனைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வது போல.

"வேணாண்ணே. இப்பல்லாம் அவரு அடிக்கிறதே இல்ல."