தோல் கிழியாமல் சதை சீவினவர்

சபையாரே, என் சாட்சி கேட்க அழகாக இருக்காது. மூத்திரத்தைப் பற்றியது. முகம் சுளிக்கிறவர்கள் சுளித்துக்கொள்ளட்டும், பட்டது நான்.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்பில் எனக்குச் சதை சீவுகிற வேலை. தோலின் உட்புறம் ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் வழிக்கவேண்டும். தோலில் ஓட்டை விழக்கூடாது. ஆள் குறைந்தால் தோலை ஊறப்போடுகிற பட்டைத் தொட்டியிலும் இறங்குவேன். சென்ற வருஷம் ஆனி மாதத்தில் எனக்கு மூத்திரம் சிவப்பாகப் போனது. வலியே இல்லை. மேஸ்திரி காதர் பாயிடம் சொன்னேன்.

"அட, பட்டைத் தண்ணி உடம்புல ஊறிடுச்சுப்பா. எல்லாருக்கும் வர்றதுதான். நீராகாரம் ஜாஸ்தி குடி" என்றார்.

நம்பிவிட்டேன். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நிற்கிற எங்களுக்குக் கால், நகம், வேட்டி எல்லாமே சிவப்பு. மூத்திரம் மட்டும் வெள்ளையாகவா போகும்? இப்படியே ஆறு மாதத்தைப் பாழாக்கினேன். நினைத்தால் என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

மார்கழியில் இரத்தம் கட்டிகட்டியாக வந்து மூத்திரம் அடைத்துக்கொண்டது. என் மனைவி எஸ்தர் வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் குழாய் விட்டு உள்ளே பார்த்தார். மூத்திரப்பையில் புற்று, சதைக்குள் இறங்கிவிட்டது, பையையே எடுக்கவேண்டும் என்றார். அதன்பிறகு மூத்திரம் மலம் போகிற வழியாகத்தான் போகுமாம்.

எனக்கு வந்த ஆத்திரம்! தோல் நாற்றத்துக்கே நம்மைத் தள்ளி நிற்கச் சொல்கிற ஊர் இது. இந்த நாற்றமும் சேர்ந்தால் எவன் பக்கத்தில் உட்காருவான்? ஜெபிக்க வந்த உங்களில் சிலர், "இன்னா பாவம் பண்ணியோ, அறிக்கை பண்ணிடு" என்றீர்கள். அதை நான் மறக்கவில்லை.

கட்டிலில் கிடந்து கர்த்தரோடு சண்டை போட்டேன். "ஆண்டவரே, சதைய சீவறதுக்கு முழுத் தோலையும் கிழிப்பாங்களா? கூலிக்காரன் எனக்கே அந்தக் கை இருக்குது. உமக்கு இல்லியா?" இதுதான் என் ஜெபம். துதி ஒன்றும் இல்லை. எஸ்தர் காதைப் பொத்திக்கொண்டாள்.

அதையே டாக்டரிடமும் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"கட்டி சின்னது, ஒரே இடத்துல இருக்குது. அதனால சொல்றேன். ரேடியம் ஊசிய அதுலயே குத்தி வெச்சுக் கட்டிய அழிக்கலாம். பை தங்கலாம், தங்காமலும் போலாம். அதுக்குப் பட்டணம்தான் போவணும்" என்றார்.

போனோம். அங்கே இருக்கிற ஊசி வேறொருவர் உடம்பில் இருக்கிறதாம், அதை எடுத்த பிறகுதான் எனக்காம். மூன்று வாரம் காக்கவைத்தார்கள். தினமும் கேட்பேன், தினமும் "நாளைக்கு". மூட்டையைக் கட்டு, ஊருக்குப் போவோம் என்று கத்தினேன்.

"சும்மா பேஜார் பண்ணாதய்யா. நாளைக்குன்னுதானே சொல்றாங்க? இல்லன்னு சொல்லலியே" என்றாள் எஸ்தர்.

கடைசியில் அடிவயிற்றைத் திறந்து ஊசிகளைப் பதித்தார்கள். ஏழு நாள் உள்ளே இருந்தன. எடுத்த பிறகும் பல வாரம் நெருப்பாய் எரிந்தது. சொட்டுச் சொட்டாக, அழுதுகொண்டே போனேன். சித்திரையில் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தபோது கட்டி இல்லை, தழும்புதான் இருந்தது. சதை போனது, தோல் கிழியவில்லை.

முழுச் சுகம் என்று சொல்லச் சொல்கிறார் நம் சபை போதகர் ஐயர். சொல்லமாட்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டணம் போய்க் காட்டவேண்டும். பை சுருங்கிவிட்டது, ஒரு பிரசங்கம் முடியும்வரை தாங்காது. ஆனாலும் ஒன்று மாறியது. முன்பு என் வாய்தான் ஜெபிக்கும். இப்போது உள்ளதை உள்ளபடி கேட்கிறேன். நீங்களும் கோபம் இருந்தால் கோபத்தோடே கேளுங்கள். அவர் விரட்டுகிறவர் அல்ல. சிவப்பாகப் போனால் பட்டைத் தண்ணி என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.

இன்னும் சொல்ல இருக்கிறது. ஆனால் முட்டிக்கொண்டு வருகிறது, நான் வெளியே போகவேண்டும். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். இப்படி முட்டுகிற பை எனக்கு இருக்கவேண்டும், அழுது அழுது நான் கேட்டது இதைத்தான். ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போகிறேன்.