காய்ந்த படகு

வாய்க்கால் கரையோரமாக வடக்கே நடந்துகொண்டிருந்தேன். இடது காதில் ரீங்காரம் ஓயவில்லை. மேலுதடு பிளந்து உப்புக் கரித்தது. பை ஆற்றோடு போய்விட்டது. அதில் ஒரு சட்டை, ஒரு போர்வை, படகின் இடுக்கு அடைக்கும் தட்டை உளி. மிச்சம் இருந்தது இடுப்பில் ஈர லுங்கி, கையில் ஒரு ஜோடி செருப்பு. செருப்பைக் காலில் போட முடியவில்லை. வலது பாதத்தின் மேல் யாரோ துடுப்பை இறக்கியிருந்தார்கள். யாரோ என்ன, ஓடக்காரர்தான்.

பின்னால் விட்டு வந்த ஊரில் ஒலிபெருக்கி இன்னும் பாடிக்கொண்டிருந்தது. அன்று ஆடிப் பதினெட்டு. மேட்டூரில் தண்ணீர் திறந்துவிட்டிருந்ததால் காவிரி செம்மண் நிறத்தில் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போனது. பாலத்துக்கு இன்னும் இரண்டு மணி நேர நடை. அதைத் தாண்டி மேற்குக் கரையில் திரும்பத் தெற்கே வந்தால் காங்கேயம் பஸ் ரோடு. அதற்குமேல் யோசிக்கவில்லை.

அந்த ஊரைப் பற்றி நல்லதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. பத்து நாள் சோறு போட்டார்கள். அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொன்னானியில் படகுக் கொட்டகையில் இரண்டு வருஷம் கிடந்தேன். அங்கே மேஸ்திரியோடு சண்டை போட்டு ரயில் ஏறிப் போத்தனூரில் இறங்கி, கொஞ்ச நாள் பார்சல் தூக்கினேன். பிறகு கோயமுத்தூரில் மில் கழிவுப் பஞ்சு குடோனில் லோடு ஏற்றும் வேலை. அந்தப் பஞ்சில் இரண்டு மூட்டையைக் கொண்டுபோய் இறக்கத்தான் கொடுமுடிக்கு எதிர்க்கரைப் பக்கம் அந்த ஊருக்குப் போனேன். இறக்கும்போது எதற்கு என்று கேட்டேன். புதுப் படகின் பலகை இடுக்கில் வைத்து அடிக்க என்றார்கள். அடிக்கத் தெரிந்த ஆள் உண்டா என்றேன். இனிமேல்தான் தேட வேண்டும் என்றார்கள். எனக்குத் தெரியும் என்று சொன்னேன். லாரி நான் இல்லாமல் திரும்பிப் போனது.

அங்கே ஆற்றின் இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஊர். ஆடிக்கு இரண்டு ஊரும் படகுக்கு நோன்பு சாட்டுவார்கள். ஒன்பது நாள் கரையில் பந்தல் போட்டு, அதன் பக்கத்தில் படகை வெயிலில் நிறுத்தி, மாலை சாத்தி, முன்னால் வாழையிலை விரித்து வாய்ச்சி, உளி, துளைக்கருவி எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு வைப்பார்கள். படகு செய்த ஆசாரிக்குத் தலையில் உருமால் கட்டுவார்கள். ஆடிப் பதினெட்டு காலையில் இரண்டு படகும் எதிரெதிர்க் கரைக்குப் போகும். கிளம்பும்போது அடிப்பலகையில் அம்மன் கோயில் திருநீற்றைத் தூவுவார்கள். போய்ச் சேர்ந்ததும் எதிர்க்கரைக்காரர்கள் குனிந்து ஊதிப் பார்ப்பார்கள். திருநீறு பறக்க வேண்டும். எந்தப் படகில் பறக்கிறதோ, அந்த ஊருக்குத்தான் அடுத்த ஆடி வரைக்கும் பரிசல்துறை. தோற்ற ஊரின் ஓடக்காரர் ஒரு வருஷம் ஆற்றில் துடுப்புப் போடக் கூடாது.

எங்கள் கரை ஓடக்காரர் வீட்டில்தான் நான் படுத்திருந்தேன். நாற்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார். அவருக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. துறை போனால் என்ன செய்வீர்கள் என்று அவர் மனைவியிடம் ஒருமுறை கேட்டேன். காங்கேயத்துக் கொப்பரைக் களத்துக்குத் தேங்காய் உடைக்கப் போக வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

பழைய படகு உளுத்துப்போனதால் அந்த வருஷம் புதிதாகச் செய்திருந்தார்கள். செய்தவர் காங்கேயத்துப் பக்கம் மாட்டு வண்டி செய்கிற ஆசாரி. வண்டிச் சக்கரத்துக்கு மரம் எலும்பு மாதிரி காய்ந்திருக்க வேண்டும். அந்தப் புத்தியிலேயே இலுப்பைப் பலகையை இரண்டு கோடை காயப் போட்டு, அருமையாக இழைத்துப் பூட்டியிருந்தார். வேலையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அது படகு. நான் பஞ்சை எண்ணெயில் தோய்த்து முறுக்கி, உளி வைத்து அடித்து, குங்கிலியம் காய்ச்சிப் பூசினேன். பூசிவிட்டு, இனி இதை மூன்று நாள் தண்ணீரில் முழுக்கிப் போட வேண்டும், மரம் ஊதி இடுக்கு தானாக மூடிக்கொள்ளும், பொன்னானியில் எல்லாப் படகையும் அப்படித்தான் செய்வார்கள் என்று சொன்னேன்.

பந்தலில் எல்லோரும் ஒரே ஆளைத் திரும்பிப் பார்த்தார்கள். நோன்பை நடத்துகிறவர் ஊரின் பெரிய பண்ணாடி. ஆற்றோரத்துக் கரும்புக்காடு முழுக்க அவருடையது. அவர் பல் குத்திக்கொண்டே கேட்டார்.

"ஏனுங்க, உங்க ஊர்ல கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணக் கெணத்துல போட்டு எடுப்பீங்களாக்கு?"

அரை நாள் முழுக்க ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அந்தப் பக்கத்து ஆட்கள் கெட்ட வார்த்தை பேசமாட்டார்கள். எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' உண்டு. எந்த ஊருங்க, எந்த வளவுங்க, நம்ம ஆளுங்களா என்று என்னிடம் கேட்டவர்கள் எல்லோரும் மரியாதையாகத்தான் கேட்டார்கள். பதில் சொல்லாததால் எனக்கு மட்டும் தனி டம்ளர்.

படகுக்கு நீலமும் மஞ்சளும் வண்ணம் அடித்து, வெயிலில் நிறுத்தினார்கள். ஓடக்காரரை மட்டும் தனியாகப் பிடித்துச் சொன்னேன். அவருக்குப் புரிந்தது. பழைய படகு வருஷம் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்ததால் ஒன்பது நாள் வெயிலைத் தாங்கியது, இது தாங்காது என்று அவரே சொன்னார். பண்ணாடியிடம் சொல்லுங்கள் என்றேன். பீடியைக் காலில் தேய்த்து அணைத்தார். சொல்லவில்லை.

எதிர்க்கரையில் சாயந்திரமானால் பொம்பளைகள் வரிசையாக வந்து அவர்கள் படகுக்குள் குடம் குடமாக மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். எங்கள் கரையில் அதைப் பார்த்து, படகுக்குத் தீட்டுக் கழிக்கிறார்கள் என்று கேலி பேசினார்கள். அவர்கள் மரத்தை ஊறவைக்கிறார்கள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. நோன்பின் ஏழாம் நாள் மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் நானும் ஒரு குடத்தை எடுத்தேன். நான்கு குடம்தான் ஊற்றியிருப்பேன். பண்ணாடியின் தம்பி பார்த்துவிட்டார்.

"எறங்குங்க" என்றார். இறங்கினேன். காதோடு சேர்த்து ஒன்று விட்டார். பூசை நடக்கிற படகில் கால் வைக்க நான் யார் என்று கூட்டம் கூடியது. ஓடக்காரரும் வந்தார். அவர் சொல்லித்தான் நான் ஊற்றினேன் என்பதுபோல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். இந்த ஆள் என்னைக் கேட்டுச் செய்யலீங்க என்றார். ஊற்றிய தண்ணீரைத் துணியால் துடைத்து எடுத்தார்கள். அன்றே போயிருப்பேன். விடவில்லை. இடுக்கு அடைத்தவன் முதல் தடவை உள்ளே உட்கார்ந்து போக வேண்டும் என்பது வழக்கமாம். கூடவே இரண்டு பேரைக் காவல் போட்டார்கள்.

ஆடிப் பதினெட்டு காலையில் படகில் நாங்கள் மூன்று பேர்: ஓடக்காரர், பண்ணாடி, நான். திருநீறு தூவித் தள்ளிவிட்டார்கள். கால் பங்கு தூரம் போவதற்குள் என் குதிகால் நனைந்தது. வலது பக்கம், அடியிலிருந்து மூன்றாவது பலகை. பஞ்சு இருந்தது, பலகை விலகியிருந்தது. தண்ணீரை இறைக்கக் கூடாது என்பது விதி. பண்ணாடி தண்ணீரைப் பார்த்தார், எதிர்க்கரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அது மேல உக்காருங்க."

உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்தால் ஆறு நிற்குமா? லுங்கி வழியாகத் தண்ணீர் ஏறியது. ஓடக்காரர் ஆற்றையே பார்த்துத் துடுப்புப் போட்டார். அவ்வளவு வேகமாக யாரும் அந்த ஆற்றைத் தாண்டி நான் பார்த்ததில்லை. இருந்தும் கரை தட்டும்போது திருநீறு களியாகக் கிடந்தது. எதிர்க்கரையில் ஒரு அம்மா குனிந்தார். ஊதவில்லை. ஒரு விரலால் தொட்டு, விரலைப் படகின் விளிம்பிலேயே துடைத்துவிட்டு நிமிர்ந்தார். அவர்கள் படகு எங்கள் கரையில் காய்ந்த திருநீறோடு நின்றதை அங்கிருந்து போட்ட வெடிச் சத்தத்தில் தெரிந்துகொண்டோம்.

பண்ணாடி அங்கேயே எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "ஆசாரி நல்ல ஆளுங்க. அடைச்சதுதான் ஊரு பேரு தெரியாத ஆளு. உள்ள தண்ணிய ஊத்திக் கெடுத்துப்போட்டானுங்க."

திரும்பிக் கரை ஏறியதும் அடித்தார்கள். எத்தனை பேர் என்று தெரியாது. முதல் அடி மட்டும் நன்றாகத் தெரியும். துடுப்புக் கட்டையால், ஓடக்காரர். அடித்துவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, பண்ணாடியைப் பார்த்தார். நான் அதற்காக அவரை மன்னிக்கவும் இல்லை, அப்புறம் அதைப் பற்றி ரொம்ப யோசிக்கவும் இல்லை.

பாலம் தாண்டி மேற்குக் கரையில் திரும்பத் தெற்கே நடந்தேன். கால் வீங்கிவிட்டதால் பஸ் ரோட்டுக்கு முன்னாலேயே எதிர்க்கரை ஊரின் துறைப் பந்தலில் படுத்துவிட்டேன்.

விடிந்ததும் ஒரு ஆள் வந்து பக்கத்தில் குந்தினார். அந்தக் கரையின் ஓடக்காரர். என் உதட்டைப் பார்த்தார்.

"நேத்து ஓட்டை மேல உக்காந்து வந்தது நீங்கதானுங்களா?"

ஆமாம் என்றேன். நீச்சல் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். இனி இரண்டு கரை ஆட்களையும் நாங்களே ஏற்ற வேண்டும், ஒரு ஆள் போதாது, இருந்துகொள்கிறீர்களா என்றார். துடுப்பைக் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். ஒரு குடத்தைக் கொடுத்தார். பந்தல் நிழலில் நின்ற பழைய படகு ஒன்றைக் காட்டி, காலையில் பன்னிரண்டு, சாயந்திரம் பன்னிரண்டு, வெயில் ஏறுவதற்குள் ஊற்றிவிட வேண்டும் என்றார். என் வேலையில் அதுதான் முதல். ஊற்றினேன்.

பிறகு முதல் தடவை கிழக்குக் கரைக்குப் போனோம். ஏறியவர்களில் ஒருவர் கையில் துணிப்பை வைத்திருந்தார். காங்கேயத்துக்குத் தேங்காய் உடைக்கப் போகிறார், என்னைத் துடுப்பால் அடித்த ஓடக்காரர். தன் படகில் அவர் வழக்கமாக நிற்கிற பின்முனையில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"கொஞ்சம் நகருங்க" என்றார்.

நகர்ந்தேன். அவர் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் கழியை ஊன்றித் தள்ளினேன்.