மேட்டுப் பக்கம் திரும்பிய அம்பு

அந்தத் தீவுக்கு விடுமுறைக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஒரே ஒரு மனிதரின் பேச்சைக் கேட்டுத்தான் நடந்தார்கள். படகிலிருந்து இறங்கித் தொப்பியை மாட்டிக்கொண்டு, "மஞ்சள் அம்புக்குறியைப் பார்த்து நடக்கவும்" என்று துறையில் எழுதி வைத்திருப்பதைப் படித்துவிட்டுக் கிளம்புவார்கள். அம்பு மணலில் இறங்கு என்றால் இறங்குவார்கள். மாட்டுப் பட்டியின் கதவைத் திறந்து உள்ளே போ என்றால் போவார்கள். கட்டின மனைவி கெஞ்சினாலும் கடைத்தெரு வரைக்கும் நடக்காத ஆண்பிள்ளைகள்கூட அம்பு சொன்னால் வாயைத் திறக்காமல் நடந்தார்கள்.

அந்த அம்புகளைப் போட்டவர்தான் நம் ஆள். ஊரில் அவருக்கு அம்புக்காரர் என்றே பெயர். சுற்றுலா அலுவலகத்தில் சம்பளம். மழைக்காலம் முடிந்ததும் ஒரு டப்பா மஞ்சள் பெயிண்டும் பிரஷும் பாசி சுரண்ட ஒரு கம்பிப் பிரஷுமாகக் கிளம்பிவிடுவார். கடலோரப் பாறை, வயல் வரப்பில் நட்ட கல், பட்டிக் கதவு, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோன மரம் என்று எதையும் விடமாட்டார். அவர் போடும் அம்பின் மூக்கு லேசாக மேலே தூக்கியிருக்கும். "கண்ணாடியைப் பார்த்துட்டே போடுவீங்களோ?" என்று அவர் மனைவி கேட்பாள்.

நல்ல மனிதர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசமாட்டார். கோபம் வந்தால் கத்தித் தீர்க்கிற வழக்கமும் கிடையாது. ஊறுகாய் போடுகிற மாதிரி உள்ளே போட்டு மூடி வைத்துவிடுவார். நாளாக நாளாகக் காரம் ஏறும்.

இந்தக் காரத்துக்குக் காரணம் அவருடைய தங்கையின் கணவர். பாதையில் பாதி தூரம் போனதும் இரண்டாகப் பிளந்த ஒரு பெரிய பாறை வரும். அதற்கு இடது பக்கமாக இறங்கினால் ஒரு சின்ன வளைகுடா. அதன் கரையில்தான் தங்கையும் மாப்பிள்ளையும் டீக்கடை வைத்திருந்தார்கள். நடக்கிறவர்கள் அங்கே ஷூவைக் கழற்றிப் போட்டு, தண்ணீரில் காலை நனைத்து, டீயும் பன்னும் முடித்துக்கொண்டு, பாதை முடிகிற கலங்கரை விளக்கத்துக்குக் கிளம்புவார்கள். மாப்பிள்ளை டீ ஆற்றுவதைவிடக் கதை ஆற்றுவதில் கெட்டிக்காரர்.

அவர் ஆற்றிய கதைகளில் அதிகம் விலைபோனது அம்புக்காரர் தொலைந்துபோன கதை. ஒரு நாள் வேலை நடுவில் கடலிலிருந்து மூடுபனி ஏறி, நீட்டிய கை தெரியவில்லை. அம்புக்காரர் கலங்கவில்லை. நம் அம்பு இருக்கும்போது நமக்கென்ன பயம் என்று கல் கல்லாகத் தடவிப் பார்த்து நடந்தார். அன்று காலையில் அவசரத்தில் ஒரு அம்பைப் பின்பக்கமாகப் போட்டிருந்தது அவருக்கு ஞாபகமில்லை. போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். சாயங்காலம் மாப்பிள்ளை வந்து பார்க்கும்போது ஒரே புல்வெளியைச் சுற்றிச் சுற்றி வந்து, ரோட்டுக்குப் பக்கத்திலேயே நின்று கூப்பாடு போட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த அம்பு போட்டாரே, அவருக்கே வழி காட்டினவன் நான்தான் சார்," என்று மாப்பிள்ளை கடைக்கு வருகிறவர்களிடம் ஆரம்பிப்பார். முதலில் அது வெறும் புல்வெளியாக இருந்தது. ஒரு மாதத்தில் அதில் ஒரு பசுமாடு வந்து சேர்ந்தது. அடுத்த மாதம் அம்புக்காரர் அந்த மாட்டிடம் வழி கேட்டார். சீசன் முடிவதற்குள் மாடே பதில் சொல்லிவிட்டது. இது படகுத்துறை வரைக்கும் பரவி, பால்காரர் அவரைப் பார்த்து, "மாடு சௌக்கியமான்னு கேக்குதுங்க," என்று சொன்ன அன்று, அம்புக்காரர் பெயிண்ட் டப்பாவோடு பிளந்த பாறைக்குப் போனார். இடது அம்பைச் சுரண்டி எடுத்தார். வலது பக்கம், மேட்டைப் பார்த்து, ஒரு புது அம்பு போட்டார்.

அந்த மேடு சாமானிய மேடு அல்ல. ஏறுகிறவனுக்கு முட்டி கழன்றுவிடும். ஆனாலும் அம்பு சொல்லிவிட்டதே! குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தகப்பன்மார்கள் ஏறினார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் கைகோத்து ஏற ஆரம்பித்து, பாதியில் கையை விட்டுவிட்டு, உச்சியில் பேச்சுவார்த்தை இல்லாமல் நின்றார்கள். அங்கிருந்து பார்த்தால் மூன்று பக்கமும் கடல் தெரிந்தது. சுற்றுலா அலுவலக மேலாளர் அம்மா படகுத்துறையைத் தாண்டி நடந்ததே கிடையாது. யாரோ காட்டிய போட்டோவைப் பார்த்து அவர் பூரித்துப்போனார். "என்ன ஒரு காட்சி! உங்களுக்குத்தான் இந்த யோசனை வரும்," என்று கூட்டத்தில் வைத்துப் பாராட்டினார். நம் ஆளும் கூச்சப்படுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நாளில் காட்சிக்காகத்தான் திருப்பினோம் என்று அவரே நம்பவும் ஆரம்பித்துவிட்டார்.

மனைவி நம்பவில்லை. வீட்டில் மாடி அறைகள் இரண்டை விடுமுறைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். சாயங்காலம் ஆனால் நொண்டிக்கொண்டு வருகிறவர்களுக்குக் கால் ஊற வைக்க வெந்நீர் போடுவது அவள் தலையில்தான் விழுந்தது.

"மாப்பிள்ளை மேல இருக்கிற கோபத்தை ஊரான் வீட்டு முழங்கால்ல காட்டுறீங்க," என்பாள்.

"உனக்கு இயற்கை அழகைப் பத்தி என்ன தெரியும்?" என்பார் அவர்.

தங்கை இரண்டு முறை வீட்டுக்கு வந்தாள். இரண்டு முறையும், எங்கோ ஒரு அம்பு மங்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பின்கட்டு வழியாக நழுவினார். மாப்பிள்ளையோடுதான் சண்டை. ஆனால் தங்கை முகத்தைப் பார்த்தால் சண்டை கரைந்துவிடும், கரைந்தால் மாட்டுக்கதைக்குத் தோற்ற மாதிரி ஆகிவிடும் என்று பயம். அதே மனிதர் மேட்டுக்கு வேலையாகப் போனால் முதலில் கீழே குனிந்து கடையின் தகரக் கூரையைப் பார்ப்பார். அடுப்புப் புகை வந்தால்தான் டப்பாவைத் திறப்பார். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

இப்படியே மூன்று வருஷம் ஓடியது. ஒரு புதன்கிழமை சாயங்காலம் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உங்க தங்கச்சி கடையை மூடிட்டா. வெள்ளிக்கிழமைப் படகுல மகன்கிட்ட போறாங்களாம். ஒரேயடியா."

"யார் சொன்னா?"

"அவளே வந்து சொல்லிட்டுப் போனா. நீங்க பின்கட்டு வழியா ஓடினீங்களே, மத்தியானம். அப்போ."

தங்கை மகனின் வீடு படகேறி, அப்புறம் ரயிலேறி, அதற்கப்புறமும் போகவேண்டிய தூரத்தில் இருந்தது. எதற்கெடுத்தாலும் அண்ணே அண்ணே என்று பின்னாலேயே வந்த ஒரே தங்கை. அவளைத் தீவைவிட்டுத் துரத்துவதற்கு ஒரு கை அகல மஞ்சள் பெயிண்ட் போதுமாக இருந்திருக்கிறது. அவருக்குத் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

மறுநாள் காலையில் பிளந்த பாறைக்குப் போய் மேட்டு அம்பைச் சுரண்டினார். இடது பக்கம் திருப்பிப் போட்டார். மனசு ஆறவில்லை. நாலு அடி தள்ளி இன்னொன்று போட்டார். அதன் கீழே இன்னொன்று. யாரும் நடக்காததில் பாதையெல்லாம் முள் மண்டிக்கிடந்தது. முள்ளை மிதித்து ஒதுக்கி, கண்ணில் பட்ட கல்லுக்கெல்லாம் அம்பு போட்டார். கவிழ்ந்துகிடந்த ஒரு பழைய படகுக்கும் போட்டார். மேலே நின்று பார்த்தால் சரிவு முழுக்க மஞ்சள் கொட்டிய மாதிரி இருந்திருக்கும். கடைசியில் டீக்கடைச் சுவர் வந்துவிட்டது. அதிலும், வாசலைப் பார்த்து, ஒன்று போட ஆரம்பித்தார்.

"என்ன மச்சான், அப்படியே உள்ளேயும் போட்டுருவீங்களா?" மாப்பிள்ளை வாசலில் நின்றுகொண்டிருந்தார். கையில் கயிறும் கத்திரிக்கோலும். "அடுப்பங்கரைக்கு ஒண்ணு வேணும். எனக்கே அடிக்கடி வழி தெரியாமப் போயிடுது."

மற்ற நாளாக இருந்தால் இதற்கே இன்னொரு மூன்று வருஷம் ஓடியிருக்கும். அம்புக்காரர் பிரஷை இறக்கிக்கொண்டு, "தங்கச்சி எங்க?" என்று மட்டும் கேட்டார்.

அவள் பின்னாலேயே வந்து நின்றாள். செய்தித்தாளில் சுற்றிய கண்ணாடித் தம்ளர் ஒன்று கையில் இருந்தது. உள்ளே பெட்டிகள் கயிறு போட்டு அடுக்கியிருந்தன. பெஞ்சுகளைச் சுவரில் சாய்த்துவிட்டார்கள். அவள் அண்ணனை மேலும் கீழும் பார்த்தாள். சட்டை, முழங்கை, காது மடல் எல்லாம் மஞ்சள்.

"பாதையைத் திருப்பிட்டேம்மா," என்றார் அவசர அவசரமாக. "இனிமே எல்லாரும் இந்தப் பக்கம்தான் வருவாங்க. மேட்டுல இருந்ததை அழிச்சாச்சு. நீ கடையைத் திறந்து வை, நாளைக்கே கூட்டம் வரும் பாரு."

"திருப்பினது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல?"

"ஆள் வரலேன்னு கவலைப்பட்டது இவருண்ணே. நான் அதுக்காகவா வாசலைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன்?" அவள் கையிலிருந்த தம்ளரை வாசற்படியில் வைத்தாள். "வழி தெரியாதவங்களுக்கு அம்பு வேணும். உனக்குமா வேணும்?"

அம்புக்காரர் டப்பாவைக் கீழே வைத்தார். மாப்பிள்ளைகூடக் கிண்டலை விட்டுவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"போகாதேம்மா," என்றார் அம்புக்காரர்.

"அதைச் சொல்றதுக்கா இம்புட்டுப் பெயிண்ட்?" அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, அந்தக் கயிறை அவுத்து விடுங்க. அடுப்புச் சாமான் அதுக்குள்ளதான் இருக்கு. அண்ணனுக்கு டீ போடணும்."

மாப்பிள்ளை கத்திரிக்கோலை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்புக்காரர் பாதி போட்ட அம்பை அப்படியே விட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, அவர் பின்னாலேயே போனார்.