ஏணைக்கு அடியில் துருக்கி வாள்

தம்பி பிறந்ததும் எங்கள் வீட்டு வாள் பரணிலிருந்து இறங்கி அவன் ஏணைக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. பச்சைக் குழந்தைக்குப் பக்கத்தில் இரும்பு இருக்க வேண்டும். மற்ற வீடுகளில் அரிவாளோ பாக்குவெட்டியோ வைப்பார்கள். எனக்குப் பின் பிறந்த இரண்டு பிள்ளைகள் அரிவாள் வைத்தும் தங்காததால், அம்மாவுக்கு அதெல்லாம் போதவில்லை.

விழுப்புரத்தில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்த சித்தப்பாவோ, அது துருக்கி சுல்தான்கள் காலத்து வாள், செஞ்சிக் கோட்டைக்கு வந்த குதிரை வீரன் யாரோ விட்டுப்போனது என்பார். நிரூபித்தே தீருவது என்று தன் பேராசிரியரையே திண்டிவனத்தில் எங்கள் வீட்டுக்கு அழைத்திருந்தார். அசல் என்றால் வாள் மெட்ராஸ் மியூசியத்துக்குப் போய்க் கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துவிடும்.

"புள்ளைக்கு ஒரு வயசாவட்டும் தம்பி," என்றார் அம்மா.

"வேற இரும்பு வெச்சிக்கினா போவுது அண்ணி."

பேராசிரியர் வருவதற்கு முந்தின நாள் அம்மா புளியும் செங்கல் தூளும் எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தார். தண்ணீர் ஊற்றியது நான். குடத்தில் பெயர் வெட்டிய இடத்தை மட்டும் பூப்போலத் துடைக்கிறவர், வாளின் பிடிக்குக் கீழே பொன் பூச்சில் இருந்த அரபி எழுத்துகளையே திரும்பத் திரும்பத் தேய்த்தார். என் மகளின் மூக்கடியில் விரல் வைத்து மூச்சைப் பார்க்கிற எனக்கு இன்று அந்தக் கைகள் புரிகின்றன. செய்தது சரியா என்றால் இன்னும் சொல்லத் தெரியவில்லை.

பேராசிரியர் வாளின் வளைவைப் பார்த்தார். நுனியருகே அலகு அகலமாவதைச் சித்தப்பாவுக்குக் காட்டினார். வடிவம் துருக்கிதான், ஆனால் இதைப் பார்த்துப் பிற்காலத்தில் நம் கொல்லர்களும் அடித்திருக்கிறார்கள், அடித்தவன் பெயரும் வருடமும் அழிந்துபோன அந்த எழுத்தில்தான் இருந்திருக்கும் என்றார்.

சித்தப்பா அம்மாவைப் பார்த்தார்.

"சார் வர்றாங்களேன்னு பளிச்சுனு தேய்ச்சு வெச்சேன்," என்றார் அம்மா. பத்தாவது படித்தவருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று எனக்கு அவமானமாக இருந்தது.

பேராசிரியர் ஏணையை எட்டிப் பார்த்தார். எத்தனை மாதம் என்று கேட்டார். நாலு என்றார் அம்மா. அவர் வாளை இரண்டு கைகளிலும் ஏந்தி, குனிந்து அது இருந்த இடத்திலேயே வைத்தார்.

"வருஷம் சொல்ல முடியாதுப்பா. இது இங்கேயே இருக்கட்டும்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் எங்கள் வாள் போலி என்று நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தச் சொல்லைப் பேராசிரியர் சொல்லவே இல்லை. வாசல்வரை போய் அம்மா அவரைக் கும்பிட்டதை, விருந்தாளியை வழியனுப்பும் மரியாதை என்றுதான் நினைத்தேன்.