குள்ளி உயரத்துக்கு ஒரு சமையல் மேடை

அண்ணி போன் செய்தபோது காலை ஐந்தரை மணி. கொத்தனார் அப்போதுதான் ஒரு பையில் கொஞ்சம் சிமெண்டை அள்ளி முடிந்துகொண்டிருந்தார்.

"உங்க அண்ணன் எழுந்திரிக்கல தம்பி" என்றாள். அவர் முடிச்சை இறுக்கிவிட்டுப் பையோடு கிளம்பினார்.

அண்ணன் நகரப் பேருந்து ஓட்டியவர். வண்டி கிளம்பிய பிறகும், கண்ணாடியில் யாராவது ஓடிவருவது தெரிந்தால் பிரேக்கை மிதித்துவிடுவார். நடத்துநர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். ஓடிவருகிறவரை விட்டுவிட்டு வந்தால் தனக்குச் சோறு இறங்காது என்பார். பிரேக்கை மிதித்த அந்தக் காலைத்தான் பின்னாளில் சர்க்கரை நோய் வாங்கிக்கொண்டது.

மாடி, மகளுக்காகக் கட்டியது. கல்யாணமானாலும் கண்ணெதிரே இருக்க வேண்டுமென்று வெளிப்படிக்கட்டும் தனி அடுப்படியுமாகக் கொத்தனார் தம்பியை வைத்துக் கட்டினார். மகள் உயரம் குறைவு. வீட்டில் அவளுக்குக் குள்ளி என்றே பேர். அவளை நிற்க வைத்து, முழங்கைக்கு அளவெடுத்துச் சமையல் மேடையைத் தாழ்வாகப் போடச் சொன்னார். அண்ணி சிரித்தாள், இதில் சமைத்தால் தன் இடுப்பு ஒடிந்துவிடும் என்று. குள்ளி படித்தாள், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போனாள், அங்கேயே தங்கிவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் வருவதாகச் சொன்னாள். கால் போன பிறகு அண்ணன் மாடி ஏறவேயில்லை. ஆனால் பொழுது சாய்ந்தால் அண்ணியை மேலே அனுப்பி, மேடையைத் துடைத்துவிட்டு விளக்கைப் போட்டு வரச் சொல்வார்.

முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டு வரியில் சலுகை உண்டு என்று கேள்விப்பட்டு மனுக் கொடுத்தது அண்ணிதான். மருந்துச் செலவு கழுத்தை நெரித்தது. பார்வையிட வந்த அதிகாரி நல்ல பெண். சொந்தமாகக் குடியிருக்கும் ஒரே வீட்டுக்குத்தான் சலுகை, தனி அடுப்படி இருப்பதால் மாடி இன்னொரு வீடாகிறது, மேடையை எடுத்துவிட்டால் எழுதித் தருகிறேன் என்றாள். சில நாள் கழித்து, மேடையை உடைக்க வரும்படி அண்ணன் தம்பிக்குச் சொல்லியனுப்பினார்.

அண்ணி போன் செய்ததற்கு முதல் நாள் மாலை கொத்தனார் மேலே போய் உளியை வைத்து ஒரே ஓர் அடி அடித்தார். மேடையின் மூலை பெயர்ந்து விழுந்தது. கீழே இருந்து ஊன்றுகோல் தரையில் இடிக்கும் சத்தம் கேட்டது. இறங்கிப் போனால், "என்னை மேல தூக்கிட்டுப் போடா" என்றார் அண்ணன்.

முதுகில் ஏற்றிக்கொண்டு படியேறினார் கொத்தனார். "ஒரு கால் குறைஞ்சும் கனம் குறையலையே அண்ணே."

"குறைஞ்சது கால்தான்டா, வாய் இல்ல."

மேடைக்கு முன்னால் ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார். முழங்கைகள் இரண்டும் மேடையில் வாகாகப் பதிந்தன. அண்ணன் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் இதுதான் அளவு போலிருக்கு" என்றார். பிறகு, "அவ வந்தா எங்கடா சமைப்பா? முழு வரியையும் கட்டிக்கிறேன்னு அந்தம்மாகிட்டச் சொல்லிடு. இந்த மூலையை மட்டும் பூசிடு. வந்தா கையைக் கிழிச்சுக்குவா."

சிமெண்ட் கொண்டுவரவில்லை, காலையில் முதல் வேலை இதுதான் என்றார் கொத்தனார். வாசலில் அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு பெயர்ந்து விழுந்த துண்டுகளைப் பொறுக்கி எடுத்தாள்.

குள்ளி வந்தாள். காரியமெல்லாம் முடிந்த மறுநாள் மாடிக்குப் போய், அம்மாவுக்காக அந்த மேடையில் பால் காய்ச்சினாள். குனியவும் இல்லை, எக்கவும் இல்லை. கொத்தனார் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எப்ப உடைஞ்சது சித்தப்பா?"

"இப்பத்தான்மா. பூசிடறேன்."

அவள் வெளிநாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டாள். சலுகைக்கு அண்ணி மறுபடி மனுக் கொடுக்கவில்லை. அன்று காலை கொண்டுவந்த சிமெண்ட் பை மேடைக்கு அடியில்தான் இருக்கிறது, முடிச்சு அவிழ்க்காமல். மூலை இன்னும் பூசவில்லை.