சாப்பிடும்போது மட்டும் வரும் வீக்கம்

அந்தக் கட்டியை முதலில் கண்டது என் விரல்தான். வேறு யார் காண்பது? மகள் பிரான்சில். என் வீட்டுக்காரர் கண்மூடி வருஷங்கள் ஆகிவிட்டன. மன்னாரில் கீரி என்ற ஊரில் அவ்வளவு பெரிய வீட்டில் நானும் ஒரு றேடியோவும்தான். மத்தியானம் சோறும் புளி விட்ட மீன் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வலது தாடைக்குக் கீழே சுரீரென்று இழுத்தது. தொட்டுப் பார்த்தால் பாக்களவில் ஒரு கட்டி. பொழுதுபடத் தொட்டபோது ஒன்றுமே இல்லை.

அவருக்கும் கழுத்தில் இப்படி ஒரு கட்டியில்தான் தொடங்கியது. புற்றுநோய் என்றார்கள். கொழும்புக்கும் மன்னாருக்குமாக அலைந்து, கடைசியில் ஆளைப் பெட்டியில்தான் கொண்டுவந்தேன். இப்போது என் முறை என்று நினைத்தேன். மகளுக்குச் சொல்லவில்லை. சொன்னால் போனில் அழுவாள். அந்த அழுகையையும் நான்தான் ஆற்ற வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரி மட்டும் நான் கழுத்தைத் தடவுவதை வேலிக்கு மேலால் கண்டுவிட்டாள்.

"கூகைக்கட்டாக்கும் அக்கா. தொத்தும், கவனம்" என்றாள்.

"சின்னப் பிள்ளையளுக்குத் தாடை வீங்கிற கூகைக்கட்டு இந்த வயசில எனக்கென்னடி? போடி விசரி!"

தொத்தும் என்று தானே சொன்னதால் பிறகு அவள் வேலிப்பக்கம் வருவதையும் விட்டுவிட்டாள். நல்லதாய்ப் போயிற்று என்று சொல்லிக்கொண்டேன். நல்லதாய்ப் போகவில்லை.

அந்த நேரம் தவக்காலம் தொடங்கியது. கோயில் முற்றத்து மாதா கெபியில் முழந்தாளிட்டு நேர்த்தி வைத்தேன். "தாயே, இந்தக் கட்டியைக் கரைத்துவிடும். பாஸ்காத் திருநாள் வரைக்கும் மீனும் தொடமாட்டேன், புளியும் தொடமாட்டேன்." ஒருநேரச் சாப்பாட்டோடு ஒருசந்தி பிடித்துக் கஞ்சியே குடித்தேன். என்ன அதிசயம்! கட்டி தலைகாட்டவேயில்லை. மாதா கேட்டுவிட்டா என்று பெரிய வெள்ளியன்று கோயிலில் தேம்பித் தேம்பி அழுதேன். ஆண்டவருடைய பாடுகளை நினைத்து அழுகிறேன் என்று சனம் நினைத்திருக்கும்.

உயிர்த்த ஞாயிறு பூசை முடிந்து வந்து, பாரை மீனில் பழப்புளி கரைத்து ஊற்றிக் குழம்பு வைத்தேன். முதல் வாய் வைத்ததும் கட்டி வந்துவிட்டது, முன்னையைவிடப் பெரிதாக. கையைக் கூடக் கழுவாமல் மாதா படத்துக்கு முன்னால் போய் நின்று சண்டை பிடித்தேன். அடுத்த நாள் வெறும் வயிற்றோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

டொக்டர் சிங்களப் பொடியன். நிதானமாகத் தமிழ் கதைத்தார். தடவிப் பார்த்துவிட்டு, "கட்டி ஒண்டும் இல்லையே அம்மா?" என்றார்.

"சாப்பிடேக்க மட்டும்தான் வரும்."

"நீங்கள் சாப்பிடேக்க ஆர் பார்த்தது?"

வாழ்நாளெல்லாம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்ட டீச்சர் நான். இந்த ஒரு கேள்வியை ஒருநாளும் என்னிடமே நான் கேட்டதில்லை.

"ஒருத்தரும் பாக்கேல்லை" என்றேன்.

பக்கத்தில் நின்ற தாதி, மிஸ்ஸி என்று எல்லாரும் கூப்பிடும் முசலி ஊர்ப் பிள்ளை, என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு வாங்கோ அம்மா. என்ரை கண்ணுக்கு முன்னால சாப்பிடுங்கோ. நல்லாப் புளி விட்டு."

மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரி வேப்பமரத்துக்குக் கீழே வாங்குப் பலகையில் உட்கார்ந்து பார்சலை அவிழ்த்தேன். அவளும் தன் சோற்றைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்தாள். பருப்பும் கத்தரிக்காயும்.

"மணம் ஆளைத் தூக்குது அம்மா."

ஒரு துண்டு மீனை அவளுக்கு வைத்தேன். நான் மென்றுகொண்டிருக்க, அவள் இடது கையை என் தாடைக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். "வருது அம்மா, வருது!" என்று கத்தினாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாகப்போகிறேன் என்று பயந்துகொண்டிருந்தவள் சிரித்தேன். என் முகத்தை இன்னொருவர் தொட்டு எவ்வளவு காலம்!

அவள் கையோடு உள்ளே கூட்டிப்போக, டொக்டர் நாக்குக்குக் கீழே விரல்விட்டு அமத்தினார். "உமிழ்நீர் வாற வழியில ஒரு சின்னக் கல்லு" என்று கடதாசித் துண்டில் படம் கீறிக் காட்டினார். தாடைக்கீழ்ச் சுரப்பி! விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகளுக்கு எத்தனை தரம் கீறிக் காட்டியிருப்பேன். கன்னத்தில் ஒரு சோடி, நாக்கின்கீழ் ஒரு சோடி, தாடைக்கீழ் ஒரு சோடி. புளியைக் கண்டால் சுரக்கும். வழி அடைபட்டால் வீங்கும். கஞ்சிக்கு அது ஏன் வீங்கப்போகிறது?

"கான்சர் இல்லையோ டொக்டர்?"

"இல்லை அம்மா. வெறும் கல்லு."

உமிழ்நீர் ஊறிக் கல்லைத் தள்ளிவரத் தேசிக்காய்ப் புளி சூப்பச் சொன்னார், தாடையை உருவிவிடச் சொன்னார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். அடுத்த கிளினிக்குக்கு முன்பே ஒரு காலையில் கல் வாய்க்குள் கழன்று விழுந்தது. உடைந்த அரிசிக் குறுணி அளவு. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு "மாதாவே!" என்று கூவினேன். காட்ட ஆளில்லாமல் ஒரு பேப்பரில் சுற்றி வைத்தேன்.

கிளினிக் நாளன்று விடியவே எழுந்து பாரைக் குழம்பு வைத்தேன். இரண்டு பார்சல் கட்டினேன்.

டொக்டர் கல்லைப் பார்த்தார். "நல்ல சுகம். இனி வரத் தேவையில்லை" என்றார். மிஸ்ஸி வாசல்வரை நிறைந்த சனத்துக்கு நடுவில் நின்று என்னைக் கண்டு சிரித்தாள். "சந்தோசம் அம்மா! கவனமாப் போயிட்டு வாங்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வேப்பமரத்துக்குக் கீழே போய் உட்கார்ந்து ஒரு பார்சலை அவிழ்த்தேன். புளி நன்றாக ஏறியிருந்தது. முழுதும் சாப்பிட்டேன். வீக்கம் வரவில்லை. யாரும் தொட்டுப் பார்க்கவும் இல்லை.