படலைக்குப் படலை கத்திக்கொண்டு ஓடியவள்

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு பாலேஸ்வரி முதன்முதலாக ஓடியது ஒரு பொம்மருக்குப் பயந்துதான். அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. சண்டிலிப்பாயில் கூட்டுறவுச் சங்கக்கடையில் நிவாரணச் சீனி நிறுத்துக்கொண்டிருந்தவள், வானத்தில் குண்டுவீச்சு விமானத்தின் இரைச்சல் கேட்டதும் கரண்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, புகையிலைத் தோட்டத்து வரம்புகளைத் தாண்டி, வாழைகளுக்குள் புகுந்து, வீட்டுப் பின்வளவில் பதுங்குகுழியாக வெட்டியிருந்த பங்கருக்குள் போய் விழுந்தாள். அம்மா பத்மாவதி ஏற்கெனவே உள்ளே குந்தியிருந்து தேவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். பொம்மர் அன்றைக்கு ஒன்றும் போடாமல் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டது. மகளுக்கோ சிரிப்பை அடக்க முடியவில்லை.

“ஏனடி இளிக்கிறாய்? விசர் பிடிச்சிட்டுதோ?”

“இல்லையம்மா, மூச்சு வாங்குது.”

மூச்சு வாங்கியது உண்மைதான். ஆனால் சிரிப்பு வந்தது வேறு காரணத்தால். அந்த ஓட்டம் அவளுக்கு அப்படி இனித்துவிட்டது. உயிருக்குப் பயந்து ஓடியது இனித்தது என்று எந்த முகத்தோடு ஒருவருக்குச் சொல்வது? அவள் வாயை மூடிக்கொண்டாள். ஆனால் கால்கள் சும்மா இருக்க மறுத்தன. சங்கக்கடையில் அரிசி அளக்கும்போதும், இரவு படுக்கும்போதும், அவை தங்கள்பாட்டில் துருதுருத்துக்கொண்டிருந்தன.

படிக்கும் காலத்தில் நானூறு மீற்றர் ஓட்டத்தில் அவளை முந்த வலிகாமத்தில் ஆளில்லை. பிறகு அப்பா செத்தார். தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். அண்ணன் கனடாவுக்குப் போனான். அவளுக்குச் சங்கக்கடையில் வேலை கிடைத்தது. இரண்டு மூன்று இடத்தில் கலியாணம் பேசினார்கள். ஒருவனுக்குச் சாதகம் பொருந்தவில்லை, இன்னொருவனுக்கு இவளைப் பிடிக்கவில்லை, மற்றவனை இவளுக்குப் பிடிக்கவில்லை. இப்படியே இருபத்தொன்பது வயதாகிவிட்டது. பொம்பிளைப் பிள்ளை பள்ளிக்கூடத்தை விட்டதும் ஓட்டத்தையும் அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. எல்லோரும் அந்தச் சட்டத்துக்கு ஒழுங்காக அடங்கி நடந்தார்கள், அவ்வளவுதான்.

பொம்மர் வந்து போன கிழமையிலேயே அவள் முடிவெடுத்துவிட்டாள். ஒரு விடியற்காலை, அண்ணன் விட்டுப்போன காற்சட்டைக்கு மேல் நீளச் சட்டையைப் போட்டாள். அவனுடைய கன்வஸ் சப்பாத்துக்குள் விரல்பக்கம் துணி அடைத்தாள். அம்மா அடுப்படியில் இருக்க, வேலிப் படலையைத் திறந்து, வீட்டுக்கு முன்னால் போகும் ஒழுங்கையில் இறங்கி ஓடினாள்.

அங்கேதான் பிழை நடந்தது.

அந்த வருடங்களில் யாழ்ப்பாணத்தில் ஒருவர் ஓடினால் ஏன் ஓடுகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டு முடிவதற்குள் குண்டு விழுந்துவிடும். கரண்டும் இல்லை, சங்கு ஊதி எச்சரிக்க ஆளும் இல்லை. சனம் தங்கள் காதையும் மற்றவன் காலையும்தான் நம்பியிருந்தது. ஓடுகிற ஆளைக் கண்டால் முதலில் பங்கருக்குள் இறங்கு, காரணத்தைப் பிறகு உள்ளே இருந்து யோசி என்பதே ஊர் வழக்கம். ஆகவே பாலேஸ்வரி தடதடவென்று போன போக்கில் ஒழுங்கை முழுவதும் காலியானது. பக்கத்து வளவு நமசிவாயத்தார் பாதி சவரத்தோடு, முகமெல்லாம் நுரையாக, கையில் கத்தியோடு குதித்தார். எதிர்வீட்டு நல்லம்மா மாமி, புகையைக் கண்டு குண்டு போடுவான் என்று, எரிகிற அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு, பாதி அவிந்த பிட்டையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். பத்மாவதி தேவாரத்தைத் தொடங்கியே விட்டார்.

பாலேஸ்வரிக்கு இது ஒன்றும் தெரியாது. அவள் தோட்டவெளியில் காற்றாகப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பி வந்தபோது ஒழுங்கையில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. “அம்மா!” என்று கூப்பிட்டாள். நிலத்துக்குள்ளிருந்து பதில் வந்தது.

“பிள்ளை, போட்டானோ?”

“ஆரம்மா?”

அன்று மாலை பத்மாவதியின் முற்றத்தில் பெரிய வழக்கு. நமசிவாயத்தாரின் கன்னத்தில் கத்தி வெட்டிய காயம் சிவப்பாகத் தெரிந்தது. அவர்தான் முதலில் தொடங்கினார்.

“குமர்ப்பிள்ளைக்கு என்னத்துக்கு ஓட்டம்? நடந்தால் காணாதோ? தோட்டவெளியிலை தனிய... நாயிருக்கு, நரியிருக்கு, காவாலியள் இருக்கிறாங்கள்.”

“நான் ஒருத்தருக்கும் கரைச்சல் குடுக்கேல்லையே மாமா.”

“கரைச்சல் குடுக்கேல்லையோ? என்ரை கழுத்து தப்பினது அருமந்த புண்ணியம்!”

நல்லம்மா மாமிக்குத்தான் பிட்டு வீணானது. அவர் கோபப்பட்டிருந்தால் ஒருவரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் அவர் பாலேஸ்வரியின் சப்பாத்துகளை ஒருதரம் பார்த்தார், பிறகு வெற்றிலையை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்.

“ஓடாமல் இருக்கேலாதோ பிள்ளை?”

“ஏலாது மாமி.”

“அப்ப ஓடு. ஆனா வாயை மூடிக்கொண்டு ஓடாதை. ஒவ்வொரு படலையடியிலையும் ‘சும்மாதான் ஓடுறன்’ எண்டு கத்து. சத்தம் கேட்டால் நாங்கள் எங்கடை வேலையைப் பாப்பம். கேளாட்டில் குதிப்பம்.”

“பொம்பிளைப் பிள்ளை றோட்டிலை கத்திக்கொண்டு ஓடுறதோ?” என்றார் நமசிவாயத்தார்.

“கத்தாமல் ஓடினால் நீங்கள் திரும்பவும் கத்தியோடை குதிப்பியள். எது நல்லம், சொல்லுங்கோ.”

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். கடைசியில் பத்மாவதி மகளைப் பார்த்து விரலை நீட்டினார். “ஓடு. ஆனா ஒரு வில்லங்கம் வந்துதெண்டால் அண்டையோடை உந்த ஓட்டம் நிக்கும். சொல்லிப்போட்டன்.”

அடுத்த நாள் காலை முதல் படலையடியில் அவள் வாய் திறந்தபோது குரல் கொசுவின் குரல் போலத்தான் வந்தது. “சும்மாதான் ஓடுறன்...” உள்ளே யாரோ பாயும் சத்தம் கேட்டது. அவள் பதறிப்போய் அடிவயிற்றிலிருந்து கத்தினாள். “சும்மாதான் ஓடுறன்!” உள்ளேயிருந்து, “ஓ, ஓடு!” என்று பதில் வந்தது. அடுத்த படலையில் இன்னும் பலமாகக் கத்தினாள். மூன்றாவது படலையில் தேவைக்கு மிஞ்சியே கத்தினாள். இருபத்தொன்பது வருடமாக மெதுவாகக் கதை, மெதுவாகச் சிரி, மெதுவாக நட என்று கேட்டு வளர்ந்தவளுக்கு, ஓட்டத்தைப் போலவே கத்துவதும் இனிக்கும் என்று யாரும் சொல்லித் தரவில்லையே! ஒழுங்கை முடிந்து தோட்டவெளிக்கு வந்த பிறகும், படலையே இல்லாத இடத்தில், ஒரு வெண்டித் தோட்டத்தைப் பார்த்து அவள் கத்தினாள். “சும்மாதான் ஓடுறன்!”

ஊர் பழகிப்போனது. நாய்கள் மட்டும் கொஞ்சம் பிந்திப் பழகின. நாயைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, அதன் முகத்தைப் பார்த்தபடி, கவனமாக நடந்து கடந்தாள். பத்து நாளில் அவையும் சலித்துப்போய்ப் படுத்துவிட்டன. பாதையை அவள் நாளுக்கு நாள் மாற்றினாள். கிணற்றடிகளில் ஆளிருக்கும் பக்கமாகவே ஓடினாள். தண்ணீர் இறைப்பவர்கள் அவளைக் கண்டு கையசைத்தார்கள். அவளுடைய முகம் வர வரக் களை கட்டியது. சங்கக்கடையில் சீனி நிறுக்கும்போதே பாட்டு முணுமுணுத்தாள். “பிள்ளைக்கு எங்கையோ கலியாணம் சரிவந்திட்டுது போலை” என்று சனம் பேசிக்கொண்டது. அதைத் தவிர ஒரு பெண் சந்தோசமாக இருக்க வேறு காரணம் அவர்களுக்குத் தோன்றவில்லை.

இந்த நேரத்தில்தான் அவன் வந்து சேர்ந்தான். அவனுக்குப் பெயர் உண்டு. அதை இங்கே சொல்லி அவனுக்கு மரியாதை செய்ய எனக்கு விருப்பமில்லை. பக்கத்து ஊரவன். எண்ணெய் பூசி வாரிய தலை, விடியற்காலையிலும் மடிப்புக் கலையாத சேட்டு, மினுக்கி வைத்த சைக்கிள். முதலில் தூரத்தில் வந்தான். பிறகு பக்கத்தில் வந்தான். “தனியவோ ஓடுறீர்? துணைக்கு வரட்டோ?” என்றான். அவள் நேரத்தை மாற்றினாள், அவனும் மாற்றினான். பாதையை மாற்றினாள், அங்கேயும் மணியடித்துக்கொண்டு வந்தான். கையில் ஒரு பூவரசந் தடியோடு ஓடிப்பார்த்தாள். அவனுக்கு அது இன்னும் சிரிப்பாக இருந்தது. தோட்டவெளியில் அவளுக்குப் பின்னால் சைக்கிளை உருட்டியபடி, பெண்குரலில் இழுத்து, “சும்மாதான் ஓடுறன்” என்று பழித்துக் காட்டினான். அதில்தான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அவளுடைய அந்த நல்ல கத்தலை அந்த அசிங்கம் பிடித்த வாயில் கேட்கவேண்டி வந்ததே!

வீட்டில் சொல்லலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவனுடைய சைக்கிளை யாரும் நிறுத்தப்போவதில்லை, இவளுடைய காலைத்தான் நிறுத்துவார்கள். அம்மா அப்போதே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார். ஆகவே அவள் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு காலையும் பூவரசந் தடியை இறுக்கிப் பிடித்தபடி ஓடினாள். படலைகளில் சிரித்தபடி கத்தினாள், தோட்டவெளியில் பல்லைக் கடித்தாள்.

ஒருநாள் வாழைத்தோட்ட வளைவில் அவன் சைக்கிளைக் குறுக்கே விட்டு மறித்தான். அவள் விலகப் பார்க்க, கையை எட்டிப் பிடித்தான். “உமக்கு என்ன இவ்வளவு லெவலும் திமிரும்?” என்றான். அவள் தடியால் அவன் முழங்கையில் ஒன்று போட்டாள். பிடி விட்டது. அவ்வளவுதான், திரும்பி ஒழுங்கையை நோக்கிப் பறந்தாள். பின்னால் சைக்கிள் செயின் கடகடவென்று கேட்டது.

‘ஐயோ’ என்று கத்த வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. இருந்த மூச்செல்லாம் காலுக்குப் போய்விட்டது. முதல் படலையைச் சத்தமில்லாமல் கடந்தாள். வளவுக்குள் பல் விளக்கிக்கொண்டிருந்த நமசிவாயத்தார் நிமிர்ந்தார், வானத்தைப் பார்த்தார், வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டு மறைந்தார். அடுத்த வளவிலும் தடதடவென்று சத்தம். அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. பயத்துக்கு நடுவிலேயே உள்ளே ஏதோ துள்ளியது. இனிக் குரல் வந்தாலும் கத்துவதில்லை என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஓடியபடியே தலையை உயர்த்தி வானத்தைப் பார்த்தாள், இரண்டு கையாலும் தலையைப் பொத்தினாள்.

ஒழுங்கை முழுவதும் சட்டிபானை விழுகிறது, பிள்ளைகள் பாய்கிறார்கள், படலைகள் அடிபடுகின்றன. சைக்கிள்காரன் அந்த ஊர் வழக்கத்தை மீறுகிற அளவுக்கு வீரனல்லன். “எங்கையாலை வாறான்? எங்கையாலை?” என்று அலறினான். மினுக்கிய சைக்கிளை வேலியில் எறிந்துவிட்டு, திறந்து கிடந்த முதல் படலைக்குள் பாய்ந்து, அங்கே கண்ட பங்கருக்குள் தலைகீழாகக் குதித்தான். அது நல்லம்மா மாமியின் பங்கர். உள்ளே மாமி, அவருடைய இரண்டு மருமக்கள், அடுப்பிலிருந்து கையோடு வந்த அகப்பை.

பாலேஸ்வரி நின்றாள். முழங்காலில் கையை ஊன்றி மூச்செடுத்தாள். பிறகு பங்கர் வாசலில் போய்க் குனிந்தாள்.

“மாமி, பொம்மர் இல்லை.”

“அப்ப ஏன் கத்தாமல் ஓடினனீ?”

“உங்களோடை உள்ளுக்கை இருக்கிறவர்தான் காரணம். கன நாளாத் துரத்துறான். இண்டைக்குக் கையிலை பிடிச்சிட்டான்.”

பங்கருக்குள் அகப்பை பேசத் தொடங்கியது. மருமக்களும் சேர்ந்துகொண்டார்கள். அவன் மேலே ஏற முயன்றபோதெல்லாம் மாமி சேட்டைப் பிடித்து இழுத்தார். “எங்கை போறீர்? இரும் தம்பி, இரும்! வானம் இன்னும் தெளியேல்லை!” மடிப்புக் கலையாத அந்தச் சேட்டு அன்று எந்த மடிப்பும் இல்லாமல் போனது. நமசிவாயத்தார் அவனுடைய சைக்கிளையே எடுத்துக்கொண்டு போய், அவனுடைய தாயைக் கரியரில் ஏற்றிவந்தார். அந்த மனுசி கதையைக் கேட்டுவிட்டு மாமியிடம் அகப்பையைக் கேட்டு வாங்கினார். அதற்கு மேல் நான் விவரிக்கத் தேவையில்லை.

ஒழுங்கை சிரித்துச் சிரித்து ஓய்ந்தது. பாலேஸ்வரியும் கண்ணீர் வரச் சிரித்தாள். ஆனால் வீட்டு முற்றத்தில் அம்மா சிரிக்காமல் நிற்பதைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. வில்லங்கம் வந்துவிட்டது. இன்றோடு ஓட்டம் முடிந்தது. அவள் குனிந்து சப்பாத்தைக் கழற்றத் தொடங்கினாள்.

“கன நாளா எண்டாய். ஏன் எனக்குச் சொல்லேல்லை?”

“சொன்னால் ஓடாதை எண்டுவியள்.”

பத்மாவதி மகளுக்குப் பக்கத்தில் குந்தினார்.

“ஓம். எண்டிருப்பன்.” அவர் மகளின் கையைப் பிடித்தார். “அவன் உன்னைத் தனியத் துரத்த, நீ எனக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டு ஓடியிருக்கிறாய். பெத்த தாய்க்குப் பயந்து...”

அவர் சேலைத்தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். ஓடலாம் என்றும் சொல்லவில்லை, ஓடாதே என்றும் சொல்லவில்லை. பாலேஸ்வரி அன்றிரவு நித்திரை கொள்ளவில்லை.

விடிய எழுந்தபோது அடுப்படியில் அம்மாவைக் காணவில்லை. படலை அகலத் திறந்து கிடந்தது. வெளியே பத்மாவதி, வாழ்நாளில் அடுத்த வளவுக்குக் கேட்கக் கதைத்தறியாத மனுசி, ஒழுங்கையின் நடுவில் நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார்.

“என்ரை மகள் இப்ப ஓடப்போறாள்! ஒருத்தரும் குதிக்காதையுங்கோ, எல்லாரும் வெளியிலை வந்து நில்லுங்கோ!”